நீர் சுமக்கும் தூது

மட்டக்களப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் வெளியூர் நண்பர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, "உங்கள் ஊர் வாவியில் மீன் பாடுமாமே, மெய்தானா?" என்பதாகும். நிலாக் காலத்து அமைதியான இரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறு நுனியைச் செவியிலும் வைத்தால், யாழ் நரம்பைத் தடவினாற் போன்ற மெல்லொலி கேட்கும் என்பது நம் முன்னோர் கூற்று. 1848 ஆம் ஆண்டில் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனென்ற் என்பாரும் அவ்வொலியைக் கேட்டு வியந்து, 1861இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய தம் நூலில் அதனை விரித்தெழுதினார்.

செவிக்குப் புலனாகும் இப்பேச்சு உலகறிந்தது. ஆயின் அதே நீரில், அதே வேளையில், ஓசை சிறிதுமின்றி வேறொரு பேச்சு இடையறாது நடந்துகொண்டிருக்கின்றது. பெண் நண்டு தான் சட்டை கழற்றும் காலத்தை, நீரிற் கலக்கும் ஒருவகைச் சுரப்பினால் ஆண் நண்டுக்கு அறிவிக்கின்றது. நண்டினங்கள் பலவற்றில் இது கண்டறியப்பட்டுள்ளது. தீனி கிடக்கும் இடத்தை இறால் அறிவதும் நீரிற் கரைந்து வரும் பொருள்களை மோந்தே. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களோ, தம் இனத்தார் எத்தனை பேர் அருகில் உள்ளனர் என்பதைக்கூட நீரிற் கரைந்த பொருளைக் கொண்டே கணக்கிடுகின்றன. இப்பேச்சின் சொற்கள் மூலக்கூறுகள். அச்சொற்களைச் சுமந்து செல்லும் தூதன் நீர்.

இந்தப் பழைய முறையையே இன்றைய விஞ்ஞானிகள் பயின்று, தாம் ஆக்கும் மிகச் சிறிய கருவிகளுக்குக் கற்பிக்க முயன்று வருகின்றனர். இத்துறைக்கு மூலக்கூற்றுத் தொடர்பாடல் என்று பெயர். யப்பானைச் சேர்ந்த ததாஷி நக்கானோ, கலிபோர்னியாவிற் பணியாற்றிய தற்சுயா சூடா முதலியோர் 2005 ஆம் ஆண்டளவில் இதனைத் தனியொரு துறையாக வகுத்துக் காட்டினர். அது யாது, அதனால் நமக்கு ஆவது என்ன, நம் வயலுக்கும் வாவிக்கும் அதனோடு என்ன தொடர்பு என்பவற்றை இங்கு நோக்குவோம்.

வானொலி ஏன் ஆகாது?

"கையடக்கத் தொலைபேசி கடல் கடந்து பேசுகின்றதே! சிறிய கருவிகளும் அவ்வாறே வானொலி அலைகளாற் பேசினால் என்ன?" என மாணவர் வினவுதல் இயல்பு. அதற்கு விடை காண, முதலிற் கருவியின் அளவை மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்கிரோமீற்றர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர். குருதியிலுள்ள செங்கலம் ஒன்றின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்கிரோமீற்றர். பற்றீரியாக்களிற் பல ஒரு சில மைக்கிரோமீற்றர் அளவினவே. நாம் பேசும் கருவிகள் இந்த அளவினவும், இதனினும் சிறியனவுமாம்.

வானொலி அலையை அனுப்பும் கம்பியின் நீளம் அலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்கதாய் இருத்தல் வேண்டும். தொலைபேசியின் அலைகள் சில சென்ரிமீற்றர் தொடக்கம் பல சென்ரிமீற்றர் வரை நீண்டவை. குருதிக் கலத்தினுஞ் சிறிய கருவியினுள் அத்துணைக் கம்பிக்கு இடமேது? கம்பியைச் சுருக்கினால் அலையையும் சுருக்க வேண்டும். அவ்வாறு சுருங்கிய அலைகளிற் பலவற்றை நீர் விழுங்கிவிடும். நம் உடலோ பெரும்பாலும் நீரே. மேலும், அலை எழுப்ப வேண்டிய மின்சக்தியைச் சுமந்து செல்லும் வலிமையும் அக்கருவிக்கு இல்லை. ஆகவே, அவ்வுலகில் வாழக் கருதும் கருவி அவ்வுலகின் மொழியையே கற்க வேண்டியதாயிற்று.

குவளை நீரில் ஒரு பாடம்

அம்மொழியின் முதற் பாடத்தை எந்த வீட்டிலும் படிக்கலாம். நாம் வகுப்பில் ஆண்டுதோறும் காட்டும் பரிசோதனை இது: ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை நிரப்பி, அது அசைவற்று அடங்கும்வரை பொறுத்திருந்து, கொண்டிஸ் என்று வழங்கும் பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு ஒன்றை மெல்ல இடுக. பளிங்கு அடியிற் சென்று தங்கும். அதைச் சுற்றி ஊதா நிறம் மெல்ல மெல்லப் படரும். எவரும் கலக்கவில்லை, எதுவும் தள்ளவில்லை. ஆயினும் நிறம் பரவுகின்றது. இதற்குப் பரவல் என்று பெயர்.

1827 ஆம் ஆண்டில் றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலாளர், பூவின் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஓயாது துள்ளுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். 1905இல் அல்பேட் ஐன்ஸ்ரைன் இதன் காரணத்தைக் கணக்கால் விளக்கினார்: நீரின் மூலக்கூறுகள் ஓயாது ஓடி, நாற்புறமும் மோதுவதனாலேயே துகள்கள் துள்ளுகின்றன. இவ்வாறு மோதுண்ணும் மூலக்கூறு, கள் மயக்கத்திற் சந்தியில் நிற்பவனைப் போன்றது. ஓரடி முன்னே வைப்பான், அடுத்த அடி பின்னே, அதற்கடுத்தது பக்கத்தே. நெடுநேரம் நடந்தும் புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே நிற்பான்.

இந்நடையின் கணக்கு வியப்பானது. தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். சிறிய மூலக்கூறு ஒன்று அசைவற்ற நீரில் ஒரு மைக்கிரோமீற்றர் செல்ல ஒரு செக்கனின் ஆயிரத்திற் பாதிப் பங்கு போதும். பத்து மைக்கிரோமீற்றர் செல்ல ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு ஆகும். ஒரு மில்லிமீற்றருக்கோ எட்டு நிமிடங்களுக்கு மேல். ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 16 ஆண்டுகள். வாவியில் 300 மீற்றர் அகலமான ஓரிடத்தில், நீர் முற்றும் அசையாது நிற்பதாகக் கொண்டால், படுவான்கரையில் இட்ட மூலக்கூறு எழுவான்கரை சேர்வதற்குப் பதினான்கு இலட்சம் ஆண்டுகள் செல்லும்! 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன், நம்மூரார் 'பாதை' என்று வழங்கும் மிதவைக்காகத் துறையிற் காத்திருந்து சலித்தவர்கள் இக்கணக்கைக் கேட்டால் ஆறுதல் அடைவர்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை இரண்டு. மிகக் குறுகிய தூரத்துக்குப் பரவல் ஒன்றே போதிய விரைவுள்ள தூதாகும். நெடுந் தூரத்துக்கு நீரோட்டத்தின் துணை வேண்டும். வாவியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் கோடையில் நீர் தேங்கி நிற்கின்றது. மாரியில் வாய் திறந்ததும் அதே நீர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கடலை நோக்கி விரைகின்றது. நம் உடலும் இவ்விரு முறைகளையும் அறிந்துள்ளது. நரம்புக்கும் நரம்புக்கும் இடையே உள்ள வெளி ஒரு மைக்கிரோமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கே. அங்குப் பரவலே தூது. கணையத்திலிருந்து காற்பெருவிரல்வரை செல்ல வேண்டிய இன்சுலினோ குருதியோட்டத்தில் ஏறிக்கொள்கின்றது. ஓய்ந்திருக்கும் உடலைக் குருதி ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும்.

இரு தவளைகளின் இதயம்

நீர்வழியே மூலக்கூறு செய்தி கொண்டு செல்லும் என்பதற்கு முதற் சான்று கிடைத்த வரலாறு சுவையானது. நரம்பு இதயத்துக்குக் கட்டளையிடுவது மின்சாரத்தாலா, இரசாயனப் பொருளாலா என்ற வாதம் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுத்திருந்தது. 1921இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்த ஒற்றோ லோவி என்னும் பேராசிரியர் இதனைத் தீர்க்க எளியதொரு பரிசோதனை செய்தார். அதன் திட்டம் தமக்குக் கனவில் தோன்றியது என்றும், முதல்நாள் இரவு எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையிற் படிக்க முடியாமற் போகவே, மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் தோன்றியதும் நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்றுவிட்டதாகவும் அவரே பிற்காலத்திற் கூறினார்.

இரு தவளைகளின் இதயங்களை எடுத்து, உப்பு நீரில் துடிக்கவிட்டார். முதலாவது இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புக் குறைந்தது. பின்னர் அவ்விதயத்தினுள் இருந்த நீரை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட இரண்டாவது இதயத்துக்கு ஊட்டினார். அதன் துடிப்பும் குறைந்தது! இரண்டுக்கும் இடையே நரம்பு இல்லை, கம்பி இல்லை. கட்டளையை நீரே சுமந்து சென்றது. அந்நீரிலிருந்த பொருள் அசற்றைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. 1936இல் லோவிக்கும் ஆங்கிலேயரான ஹென்றி டேலுக்கும் நொபெல் பரிசு கிட்டியது.

எழுதுவது எளிது, அழிப்பது அரிது

இனி, மூலக்கூற்றினால் ஒரு கருவி எவ்வாறு 'எழுதும்' என்று பார்ப்போம். 1948இல் குளோட் ஷனொன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், எந்தச் செய்தியையும் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு குறிகளின் வரிசையாக எழுதிவிடலாம் என்று நிறுவினார். அனுப்பும் கருவி ஒரு கைப்பிடி மூலக்கூறுகளை விடுவித்தால் 'ஆம்'. குறித்த நேரம் வாளாவிருந்தால் 'இல்லை'. ஏற்கும் கருவி தன் மேனியில் வந்து தொடும் மூலக்கூறுகளை எண்ணுகின்றது. தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் 'ஆம்' எனக் கொள்ளும். ஒருவகை மூலக்கூற்றை ஒரு குறிக்கும், வேறுவகையை மறு குறிக்கும் வைத்தும் எழுதலாம். விடுவிக்கும் நேரத்தையே குறியாகக் கொள்ளலும் ஆம்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஒரு பெருஞ் சிக்கல் உண்டு. முதற் செய்திக்காக விடுத்த மூலக்கூறுகள் எல்லாம் ஒருங்கே சென்று சேர்வதில்லை. தள்ளாடி நடப்பவை அல்லவா? சில முந்திச் செல்லும்; பல பிந்திச் செல்லும்; வேறு சில வழியிலேயே சுற்றித் திரியும். இரண்டாவது செய்தி புறப்படும் வேளையில் முதற் செய்தியின் எச்சம் இன்னும் நீரில் நிற்கும். கரும்பலகையில் எழுதியதைத் துடையாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் எழுதினாற்போல, சிறிது நேரத்தில் எழுத்து யாதெனப் புரியாது போய்விடும். ஆகவே நீரிற் பேசும் கலையில், அனுப்பும் திறனுக்கு நிகராக அழிக்கும் திறனும் வேண்டும்.

இதனை ஆய்வாளர் கைகண்டு உணர்ந்தனர். நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் ரொறன்ரோ நகரின் யோர்க் பல்கலைக்கழகத்தில் நரிமான் பர்சாத், அன்ட்ரூ எக்போட் ஆகியோரும், இங்கிலாந்தின் வோறிக் பல்கலைக்கழகத்தில் வெய்சி குவோ என்பாரும் சேர்ந்து, 2013இல் ஒரு மேசைக் கருவியை அமைத்தனர். தெளிகருவி ஒன்று மதுசாரத்தைத் தெளிக்க, விசிறி ஒன்று அதனைத் தள்ள, சில மீற்றர் அப்பாலிருந்த உணர்கருவி அதனை மோந்து எழுத்தாக்கியது. அவர்கள் அனுப்பிய செய்தி கனடாவின் தேசிய கீதத்தின் பெயர். ஆங்குத் தூது சுமந்தது காற்று. அதன்பின் பர்சாத், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரியா கோல்ட்ஸ்மித் என்னும் பேராசிரியையுடன் சேர்ந்து நீருக்கு வந்தார். சமையலறை வினாகிரியை ஒரு குறியாகவும், கண்ணாடி துடைக்கும் காரத் திரவத்தை மறு குறியாகவும் கொண்டு, குழாய் நீரில் எழுத்துகளை அனுப்பிக் காட்டினர். வினாகிரி அமிலம், மற்றையது காரம். பின்வருவது முன்வந்ததன் எச்சத்தைத் தானே நடுநிலையாக்கிவிடும். எழுதுகோலே அழிப்பானாகவும் அமைந்த அருமை இது!

நம் வயலில் நிகழும் தீங்கு

இயற்கையோ இந்த அழிக்கும் கலையை எண்ணிறந்த காலத்துக்கு முன்பே செவ்வனே செய்து முடித்துவிட்டது. நரம்பு அசற்றைல்கோலினை விடுத்துத் தசையைச் சுருங்கச் சொன்னதும், அவ்விடத்திலேயே காத்திருக்கும் நொதியம் ஒன்று அதனை உடைத்தெறிகின்றது. அந்நொதிய மூலக்கூறு ஒன்றே ஒரு செக்கனிற் பல ஆயிரம் அசற்றைல்கோலின் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. இதனாலேதான் நாம் விரலை மடக்கிய மறுகணம் நீட்ட முடிகின்றது. உள்வாங்கிய மூச்சை வெளிவிட முடிகின்றது.

படுவான்கரையின் நெல்வயல்களை அறிந்தவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஓகனோ பொஸ்பரசு வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் பூச்சியைக் கொல்வது, அதன் உடலிலுள்ள இந்நொதியத்தை முடக்குவதனாலேயே. துடைப்பவனின் கையைக் கட்டிவிட்டால், பழைய கட்டளைகள் அழியாமல் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிகின்றன. உறுப்புகள் ஓயாது ஏவப்பட்டுக் கடைசியிற் சோர்ந்து விழுகின்றன. பூச்சிக்கு உள்ள நொதியமும் மனிதனுக்கு உள்ள நொதியமும் ஒரே குடும்பத்தவை. ஆதலால் அந்நஞ்சு தோல்வழியாகவோ மூச்சுவழியாகவோ வாய்வழியாகவோ உடலிற் புகுந்தால், கண்மணி சுருங்கும், வாயில் நீர் ஊறும், வியர்வை பெருகும், தசை துடிக்கும், முடிவில் மூச்சு அடங்கும். வைத்தியர் ஊசியிலேற்றும் அத்திரோப்பின் என்னும் மருந்து, ஏற்கும் உறுப்பின் செவியை மூடி, குவிந்த கட்டளைகள் கேளாதவாறு காக்கின்றது.

இவ்வகையிற் கொடியவையான மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பவற்றை 1995இல் இலங்கை அரசு தடை செய்தது. அதன்பின் நஞ்சினால் நேரும் இறப்புகள் குறைந்தன. எனினும் எச்சரிக்கை என்றும் வேண்டும். மருந்து தெளிப்பவர் உடலை மூடி உடுத்தலும், அடைபட்ட குழாயை வாயால் ஊதாதிருத்தலும், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்தலும், வாந்தியோ தலைச்சுற்றலோ கண்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காது வைத்தியசாலைக்கு விரைதலும் இன்றியமையாதவை. இவற்றை எல்லோரும் கேட்டிருப்பர். ஏன் என்ற காரணத்தை அறிந்தால் கடைப்பிடிக்க மனம் வரும் என்பதற்காகவே இங்கு விரித்துரைத்தோம்.

தொகை எண்ணும் பற்றீரியா

அடுத்து, பற்றீரியாக்களின் மன்றத்துக்குச் செல்வோம். விப்ரியோ பிஷெரி என்னும் கடற் பற்றீரியா ஒளி வீசவல்லது. ஹவாய்த் தீவின் குறுங்கணவாய் ஒன்று இதனைத் தன் உடலில் வளர்த்து, அவ்வொளியினால் நிலவிரவில் தன் நிழலை மறைத்துக்கொள்கின்றது. வியப்பு யாதெனில், இப்பற்றீரியா கடலிற் பிரிந்து திரியும்போது ஒளிர்வதில்லை. நெருங்கித் திரண்டால் மட்டுமே ஒளிர்கின்றது. கென்னெத் நீல்சன், வூட்லண்ட் ஹேஸ்ரிங்ஸ் முதலியோர் 1970இல் இதன் காரணத்தை வெளிப்படுத்தினர். ஒவ்வொரு பற்றீரியாவும் ஒரு சிறு மூலக்கூற்றை ஓயாது நீரில் விடுகின்றது. கூட்டம் பெருகினால் நீரில் அதன் செறிவும் பெருகும். செறிவு ஓர் எல்லையை அடைந்ததும் அனைத்தும் ஒருங்கே ஒளி ஏற்றுகின்றன. சங்கக் கூட்டங்களில் வேண்டிய தொகையினர் வந்த பின்னரே தீர்மானம் நிறைவேற்றும் வழக்கத்தை ஒத்தது இது. 1994இல் விஞ்ஞானிகள் இதற்கிட்ட பெயரும் அவ்வழக்கை ஒட்டியதே.

இதே குலத்தைச் சேர்ந்த விப்ரியோ ஹார்வேயி, இறால் வளர்ப்போருக்குப் பகைவன். குஞ்சு பொரிக்கும் தொட்டிகளில் இறாற் குஞ்சுகள் இரவில் ஒளிர்ந்து மறுநாள் மடிவது இதன் தொற்றினாலேயே. இப்பற்றீரியா தன் தொகை பெருகுவதை மூலக்கூறுகளால் அறிந்து, தாக்கும் வேளையைத் தீர்மானிக்கின்றது. கண்ட கண்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நீரிற் கொட்டினால், அவற்றுக்கு அஞ்சாத வன்மையுள்ள பற்றீரியாக்களே எஞ்சிப் பெருகும். அதனால் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழக ஆய்வாளர் முதலியோர் வேறு வழி தேடினர்: கொல்லாமல், பேச்சைக் குலைத்தல். செய்தி மூலக்கூற்றை உண்டு அழிக்கும் நல்ல நுண்ணங்கிகளைத் தொட்டியில் விட்டால், பகைவன் தான் தனித்திருப்பதாகவே எண்ணி அடங்கியிருப்பான். ஆய்வுகூடத்திற் சிற்றுயிர்களைக் கொண்டு செய்த சோதனைகள் இவ்வழிக்கு நம்பிக்கை அளித்தன.

குருதியில் இரு துகள்கள் பேசின

இவ்வளவையும் கண்ட பின், மனிதன் ஆக்கிய கருவிகள் உடலினுள்ளே உண்மையிற் பேசியதுண்டா என்று கேட்கலாம். உண்டு, எலியின் உடலில். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் நோயுற்ற கலத்தையும் நல்ல கலத்தையும் ஒருங்கே தாக்குவதனால், மயிர் உதிர்தலும் குமட்டலும் சோர்வும் நேர்கின்றன என்பதை அந்நோயால் வருந்தியோரின் குடும்பத்தினர் நன்கறிவர். மருந்து கட்டிக்கு மட்டும் செல்லுமாறு செய்ய வழியுண்டா? அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த சங்கீதா பாட்டியா என்னும் பேராசிரியையும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடையாகும்.

அவர்கள் இருவகைத் துகள்களை ஆக்கினர். முதல் வகை ஒற்றர், பொன்னாலான நுண்கோல்கள். இவை குருதியிற் சென்று கட்டியின் கசியும் நாளங்களிற் தங்கும். வெளியிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரைப் பாய்ச்சினால் அவை சூடேறி, அவ்விடத்துச் சிறு நாளங்களைச் சிதைக்கும். காயம் பட்ட இடத்தில் குருதி உறைவது உடலின் இயல்பு. அவ்வுறைதலே 'இங்கே வருக' என்னும் அறைகூவலாகின்றது. இரண்டாம் வகைத் துகள்கள், உறைந்த குருதியின் குறியை மட்டும் அறியும் வண்ணம் அமைக்கப்பட்டு, மருந்தைச் சுமந்து அவ்விடத்தை நாடிக் கூடுகின்றன. ஒன்றோடொன்று பேசாத துகள்கள் கொண்டு சேர்த்த மருந்தைவிட, பேசிய துகள்கள் 40 மடங்குக்கும் மேலாகக் கட்டியிற் சேர்த்தன.

இங்கு நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஒற்றன் தானே பேரொலி எழுப்பவில்லை. அதற்கு அவ்வலிமையும் இல்லை. உடலில் ஏற்கெனவே அமைந்திருந்த தொடர்பாடல் முறையொன்றைத் தொட்டுவிட்டது. சிறு பொறி பெருந்தீயானாற்போல உடலே அச்செய்தியைப் பெருக்கிவிட்டது. ஆயினும் எலியில் வென்றது மனிதனில் உடனே வெல்லும் என்று கொள்ளலாகாது. குருதி உறைதலைத் தவறான இடத்தில் தூண்டிவிட்டால் உயிருக்கே கேடு. ஆகவே ஆய்வாளர் அடி மேல் அடி வைத்தே செல்கின்றனர். ஜேர்மனியின் ஏர்லாங்கன் பல்கலைக்கழகத்தார் 2018இல், காந்தத்தன்மையுள்ள நுண்துகள்களைக் குழாய் நீரில் விட்டுச் செய்தி அனுப்பிக் காட்டியதும் இவ்வழியில் ஓர் அடி. துறைக்குப் பொதுவான சொற்களையும் விதிகளையும் வகுத்து, மின்பொறியியலாளரின் உலகச் சங்கம் 2015இல் ஒரு நியமத்தையும் வெளியிட்டுள்ளது.

மாணவருக்கும் வாவிக்கும்

இத்துறையில் ஈடுபட விரும்பும் மாணவர், பாடங்களுக்கிடையே நாம் எழுப்பியுள்ள வேலிகளைத் தாண்ட வேண்டும். மூலக்கூற்றை அறிய இரசாயனம் வேண்டும். தள்ளாடும் நடையைக் கணிக்க நிகழ்தகவுக் கணிதம் வேண்டும். கலத்தின் வழக்கங்களை அறிய உயிரியல் வேண்டும். செய்தியின் இலக்கணத்துக்குப் பொறியியல் வேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியர், யாழிசையின் கணிதத்தை ஆராய்ந்தவர், விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணிக்கும் தோள் கொடுத்தவர். ஒருவரே இவை அனைத்துமாய் இருத்தல் கூடும் என்பதற்கு, 1929இல் அவர் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் மாணவர்க்கு வேறு சான்று காட்ட வேண்டியதில்லை.

பெரியோருக்கு நாம் கூற விழைவது வேறொன்று. பேச்சு நீர்வழியே நடக்குமாயின், நீரைக் கெடுப்பவன் பேச்சையும் கெடுக்கின்றான். வட அமெரிக்காவின் சமன் மீன்களை ஆராய்ந்தவர்கள், நீரிற் கரைந்த செப்பு மிகச் சிறிய அளவிலேயே அவற்றின் மோப்பத்தை மழுக்கிவிடுவதைக் கண்டனர். அம்மீன் சாகவில்லை, பார்ப்பதற்கு நலமாகவே நீந்தியது. ஆனால் பகைவன் வருவதை அறிவிக்கும் மணம் நீரில் வந்தபோது அது அஞ்சி ஒதுங்கவில்லை. செத்து மிதக்கும் மீன்களைக் கண்டாற் பத்திரிகையில் எழுதுகின்றோம். செவிடாகிப்போன மீனை எவர் காண்பார்?

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவி, இரு முகத்துவாரங்களாற் கடலோடு கலக்கின்றது. வயலின் கழிநீரும் ஊரின் கழிநீரும் அந்த வாய்களை அடையும்வரை இங்கேயே தங்குகின்றன. கண்டல் நிழலில் நண்டு தன் துணையைத் தேடுவதும், இறால் இரையைத் தேடுவதும் அந்நீரிலேயே. அவற்றைப் பிடித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்கள் இரு கரையிலும் உள்ளன. ஆதலின், மருந்து தெளித்து முடித்த மாலையில் வெற்றுப் போத்தலையும் தெளிகருவியையும் வாய்க்காலிலோ வாவிக் கரையிலோ கழுவாது, நீர்நிலைக்கு எட்டத்திற் கழுவுதலை ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாக்கிக்கொள்வோமாக. அந்தச் சிறு வேலையைத் தந்தைக்கு நினைவூட்டும் பொறுப்பைப் பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கின்றோம்.